ஒரு நாள்கூடப் பட்டினி போட்டதில்லை

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள். பல்லடத்திலிருந்து இந்த பஸ் கோயம்புத்தூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரமில்லை, யோசித்தே சொல்லலாம்.

நாய் தின்னாது, காக்கை தின்னாது, கரையான்கூட ஒதுங்கிப் போகும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். தீயில் போட்டால் ஊரே மூக்கைப் பிடிக்கும். மண்ணில் புதைத்துவிட்டு அடுத்த வருஷம் தோண்டினாலும் போட்டபடியே கிடக்கும். ஒரு காலத்தில் அது ஓர் உயிருக்குச் சட்டை. என்ன அது?

பிளாஸ்டிக் இல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கடைசி வரியை நீங்கள் கவனிக்கவில்லை. உயிருக்குச் சட்டை என்று சொன்னேனே.

கோழி இறகு சார். அதுதான் பதில்.

சிரிக்காதீர்கள். அந்த இறகால்தான் நான் சாப்பிடுகிறேன். அந்த இறகால்தான் இன்று இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், பெட்டி சாயக் கூடாது. உள்ளே மூன்று பாட்டில். உயிருள்ள சாமான். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் மேசையில் இந்த மூன்றையும் வைத்து, 'உங்கள் மாணவி எனக்குக் கொடுத்தது இதுதான், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கப்போகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சென்னியப்பன். பொங்கலூருக்குத் தெற்கே மழையை நம்பிய மேட்டாங்காடு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. காலையில் வண்டியை எடுத்தால் முப்பது கோழிக்கடைக்குப் போவேன். நீங்கள் கடையில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறீர்கள். கோழி உரித்த மிச்சம் அந்த நீலப் பீப்பாயில் கிடக்கிறதே, அது எங்கே போகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பீர்களா? குடலையும் தலையையும் மீன் வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இறகை எடுக்க ஆள் கிடையாது. அது என் குழிக்கு வரும். நான்கு குழி வெட்டி வைத்திருக்கிறேன்.

முன்பு குழிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது மனை போட்டு விற்று, முப்பது வீடு வந்துவிட்டது. நாற்றம் என்கிறார்கள், ஈ என்கிறார்கள். பொய் இல்லை, இருக்கிறதுதான். ஊராட்சித் தலைவர் நேரில் வந்தார். 'சென்னியப்பா, தை பொறக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டிக் குழியை மூடிப்போடு' என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினால் எனக்கு வேறு தொழில் கிடையாது. தை பிறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழி வெட்டுவதற்கு முன் நான் கறிக்கோழி வளர்த்தேன். கம்பெனிக்காரர்கள் குஞ்சு கொடுப்பார்கள், நாம் வளர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது தடவை வளர்த்தேன். பிறகு அவர்கள் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டார்கள், கொட்டகை காலியாகிவிட்டது. ஆனால் அந்த ஒன்பது தடவையிலும் என் கொட்டகையில் ஒரு குஞ்சு பசியால் செத்தது கிடையாது. நோயில் செத்திருக்கிறது, வெயிலில் செத்திருக்கிறது. பசியில் இல்லை. கம்பெனி டாக்டரே சொல்லுவார்.

அந்தப் பெண் வந்தது போன சித்திரையில். ஜெசிந்தா என்று பெயர். திண்டுக்கல்காரி. கோயம்புத்தூர்க் கல்லூரியில் மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாளாம். ஒரு ஸ்கூட்டி, ஒரு கரண்டி, கொஞ்சம் பாலித்தீன் பை. இவ்வளவுதான் கொண்டு வந்தாள்.

"அண்ணா, உங்க குழியில கொஞ்சம் மண்ணு எடுத்துக்கட்டுமா?"

"மண்ணு மட்டும் எதுக்குங்க அம்மணி, நாத்தத்தையும் சேர்த்தே எடுத்துக்குங்க" என்றேன்.

அவள் மூக்கை மூடவில்லை. அதுதான் எனக்கு அதிசயம். கேட்டதற்கு, "எங்கப்பா தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில இறங்கி வேலை பார்த்தவருண்ணா. இதெல்லாம் எங்க வீட்டுல சென்ட்டு" என்றாள். தோல் ஷாப்பு என்றால் தோல் பதனிடும் இடம். ஆட்டுத் தோலிலிருந்து முடியை எடுக்க, சுண்ணாம்பும் கூட ஒரு மருந்தும் கலந்த குழியில் ஊறவைப்பார்கள். அதில் இறங்குகிறவன் கை என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "றெக்கை எந்த இடத்துலண்ணா சீக்கிரமா காணாமப் போகுது?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். பழைய குழியில் வடக்கு மூலை. மற்ற இடத்தில் மண்வெட்டியைப் போட்டால் இறகு கொத்தாக மாட்டும். அந்த மூலையில் மட்டும் மண் கருப்பாக, வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அங்கே போன இறகு இருக்காது. அந்த மூலையை நான்தான் காட்டினேன் சார். அவள் முட்டி போட்டுத் தோண்டினாள், உண்மை. காட்டினது நான்.

வைகாசியில் ஒரு கண்ணாடிக் குடுவையோடு வந்தாள். உள்ளே கஞ்சித் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது, அடியில் நாலைந்து குச்சி. "நாலு நாளைக்கு முன்னாடி இது முழுசும் வெள்ளை றெக்கைண்ணா" என்றாள். மற்றதெல்லாம் கரைந்து, நடுத்தண்டு மட்டும் மிச்சம்.

எப்படி என்று எனக்கும் என் மகளுக்கும் விளக்கினாள். என் மகள் தன்ஷிகா, ஆறாவது படிக்கிறாள். இறகும் நகமும் முடியும் கொம்பும் ஒரே வகைப் பொருளால் ஆனவை. நெருக்கிப் பின்னிய பாய் மாதிரி இருக்கும். எந்த வயிற்றாலும் அந்தப் பின்னலைப் பிரிக்க முடியாது. அந்தக் கருப்பு மண்ணில் இருக்கும் பாக்டீரியா ஒன்று மட்டும் பிரித்துவிடும்.

என் மகள் கேட்டாள்: "அதுக்குத்தான் வாயே கெடையாதே அக்கா. எப்படிக் கடிக்கும்?"

"வாய் இல்லாததாலதான் கத்தரிக்கோலை வெளிய அனுப்புது. கத்தரிக்கோல் றெக்கையைப் பொடிப்பொடியா வெட்டும். இது சும்மா உக்காந்து குடிச்சுக்கும்."

அந்தக் கத்தரிக்கோலுக்கு நொதி என்று பெயர். பாக்டீரியா குடித்து முடித்த பிறகும் கத்தரிக்கோல் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டி எடுத்தால் ஆட்டுத் தோலில் முடி எடுக்கலாம், சலவைத்தூளில் சேர்க்கலாம், இன்னும் என்னென்னவோ. அதாவது என் குழியில் நாறுகிற சாமான் தொழிற்சாலைக்குப் போகிற சாமானாகிவிடும். மூடி போட்ட பீப்பாயில் நடக்கிற வேலை, நாற்றமும் வராது.

நான் உடனே நம்பவில்லை. ஆனியில் கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டுத் தோல் வாங்கி வந்தேன். சாயங்காலம் அந்த மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டாள். காலையில் எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். பாலாடை ஒதுங்குகிற மாதிரி முடி ஒதுங்கியது. தோலில் ஒரு கீறல் இல்லை.

அந்தப் பெண் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கப்பா கையில ரேகையே இல்லண்ணா. ரேஷன் கடையில விரலை வச்சா மிஷினு எடுக்காது. ஒவ்வொரு மாசமும் அரிசிக்கு அவரு நிக்கற நிப்பு..." என்று நிறுத்திவிட்டாள்.

எனக்கு மனம் இளகிவிட்டது சார். அதுதான் நான் செய்த முதல் தப்பு. கோழிக் கொட்டகையை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆடியில் மூன்று பீப்பாய் வைத்தோம். மீன் தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார் மூன்று. தலைவர் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இது வேலை செஞ்சா நீ பாட்டுக்கு நடத்து. நான் ஏன் குறுக்க நிக்கறேன்" என்றார். அவள் அப்பா வேலை பார்த்த தோல் ஷாப்பில் பேசி, கார்த்திகையில் மேனேஜர் நேரில் வந்து பத்துத் தோல் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. சரியாக வந்தால் என் பீப்பாய்த் தண்ணீரை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆவணிக் கடைசியில் அவள் சொன்னாள், இனி மூன்று மாதம் கல்லூரியிலேயே உட்கார்ந்து ஆராய்ச்சியை எழுத வேண்டும், வாராவாரம் வர முடியாது என்று. போகும்போது ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தாள். "இதுதாண்ணா தாய் பாட்டில். இதிலேர்ந்துதான் பீப்பாய்க்கு விடணும். காலேஜ் ஃபிரிட்ஜை நம்ப முடியாது, லீவு விட்டா கரண்டை நிறுத்திடுவாங்க. உங்ககிட்ட இருக்கறதுதான் எனக்குத் தைரியம்" என்றாள்.

பார்த்தீர்களா, எப்படிப் பேசுகிறாள் என்று.

சுவரில் ஒரு காகிதமும் ஒட்டிவிட்டுப் போனாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதுப் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீர், இறகு. வேறு எதுவும் வேண்டாம். 'வேறு எதுவும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. படித்தவர்கள் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் கோடு போடுவார்கள்.

நான் அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். வெறும் தண்ணீர், அதில் நாலு இறகு. எனக்கே பாவமாக இருந்தது. ஓர் உயிரை நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அது குடிப்பது உப்புத் தண்ணீர். கோழி வளர்த்தவனுக்குத் தெரியும். பொரித்து ஒரு நாளான குஞ்சு பெட்டியில் வந்து இறங்கினதும் முதலில் என்ன கொடுப்போம்? வெல்லத் தண்ணீர். பயணக் களைப்பு போகட்டும், தெம்பு வரட்டும் என்று. பிறகுதான் தீவனம். இது எழுதி ஒட்டித் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை.

ஒரு கரண்டி வெல்லத் தண்ணீர் விட்டேன்.

சாயங்காலத்துக்குள் பாட்டில் கலங்கிவிட்டது சார். நுரை கட்டுகிறது. பல்கிப் பெருகுகிறது. அவள் வைத்திருந்தபோது ஒரு நாளும் அவ்வளவு செழிப்பாக இருந்ததில்லை.

தன்ஷிகா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, அக்கா வேற எதுவும் வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

"வெல்லம் வேற எதுவும்ல வராது பாப்பா. அது தண்ணி மாதிரி" என்று சொன்னேன்.

அதன் பிறகு விடாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது மாற்றின்போது குஞ்சுத் தீவனத்தை நன்றாகப் பொடித்து, துணியில் கட்டி, பாட்டிலுக்குள் தொங்கவிட்டேன். மூன்றாவதற்குக் கொட்டகையில் மிச்சம் இருந்த சத்து டானிக். மூன்று மாதத்தில் ஆறு மாற்று. ஒரு நாள்கூடப் பட்டினி போட்டதில்லை. இதோ, இந்தப் பெட்டியில் இருக்கிற கடைசி மூன்று மாற்றுப் பாட்டிலுக்கும் இன்று காலை கொடுத்துத்தான் வண்டி ஏற்றினேன். கோபம் அந்தப் பெண்மேல்தானே, வாயில்லாத உயிர்மேல் எனக்கு என்ன கோபம்?

நான்காவது மாற்றிலேயே ஒன்று கவனித்தேன். போட்ட இறகு கரையாமல் அப்படியே கிடந்தது. சரி, வயிறு நிறைந்திருக்கிறது, மெதுவாக வேலை செய்யும் என்று விட்டுவிட்டேன். வேலைக்கு வந்த ஆளுக்குச் சாப்பாடு போட்டால் கொஞ்ச நேரம் உட்காரத்தான் செய்வான். அதற்காக யாராவது கோபித்துக்கொள்வார்களா?

கார்த்திகையில் மேனேஜர் வருவதற்குப் பத்து நாள் முன்பு, தாய் பாட்டிலிலிருந்து மூன்று பீப்பாய்க்கும் விட்டேன். அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் பத்துத் தோல் ஊறவைத்தோம். ஜெசிந்தா மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தாள், அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவர் ஓரமாக நின்று, யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

மேனேஜர் முதல் தோலை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினார். முடி அசையவில்லை. இரண்டாவது தோல். அசையவில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்ப்பா, ஆட்டை நல்லாக் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க. முடி பளபளன்னு இருக்கு."

அவரோடு வந்த ஆள் பீப்பாயை மோந்து பார்த்து, "வாசம்கூட நல்லாருக்கு சார். பாயசம் மாதிரி" என்றான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்கள்.

நான் அவமானத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தா பீப்பாய் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். பத்து நாளைக்கு முன் போட்ட இறகு மேலே மிதந்துகொண்டிருந்தது, இப்போது பிடுங்கியது மாதிரி.

"அண்ணா, இதுல என்ன போட்டீங்க?"

"றெக்கைதான்."

"வேற?"

"வேற எதுவும் இல்லீங்க அம்மணி."

நான் பொய் சொல்லவில்லை சார். உங்களையே கேட்கிறேன். காலையில் என்ன குடித்தீர்கள் என்றால் காபி என்பீர்கள். சர்க்கரையும் குடித்தேன் என்றா சொல்வீர்கள்? வெல்லத்தை யாராவது தனியாகச் சொல்வார்களா? என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கதை வந்தது. ஜெசிந்தா போனில் அழுகிறாள். தீபாவளி லீவில் கல்லூரியில் கரண்ட் இல்லாமல் போய், ஃபிரிட்ஜில் வைத்திருந்ததெல்லாம் பூசணம் பிடித்து, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாச் சோதனைக் குழாயையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாராம். எழுதுகிற வேலையில் அவள் ஃபிரிட்ஜைத் திறந்தே பார்க்கவில்லையாம், இப்போதுதான் தெரிகிறதாம். பேராசிரியர், 'பாக்டீரியாவைக் காட்டாமல் நாலு வருஷ நோட்டை மட்டும் காட்டினால் யார் ஒத்துக்கொள்வார்கள்' என்று கேட்கிறாராம். மறுபடி உங்கள் குழியில் மண் எடுக்க வரட்டுமா என்கிறாள்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குக் கொடுத்தது வேலை செய்யவில்லை. அவளிடம் இருந்தது காணாமல் போய்விட்டதாம். ஆனியில் என் கண் முன்னால் முடியை உரித்துக் காட்டிய அசல் எங்கே? அதற்குக் கால் முளைக்குமா? அசலை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு, ஒன்றுக்கும் ஆகாததை எனக்குத் தாய் பாட்டில் என்று தந்திருக்கிறாள். இவ்வளவு யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

மண் எடுக்க வந்தாள். படலைச் சாத்திவிட்டேன். என் மண், என் மூலை. ஸ்கூட்டியை வெளியே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

முப்பது கடையிலும் சொன்னேன். தலைவரிடம் சொன்னேன். பஸ்ஸில் வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடமும் சொன்னேன். நம்பினவன் ஏமாந்த கதை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? என் வீட்டில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "முட்டி போட்டு நம்ம நாத்தக் குழியில மண்ணு தோண்டுன புள்ளைங்க அது. அதுவா உங்களை ஏமாத்தும்?" என்றாள் என் மனைவி. "தோண்டுனது நம்மளை ஏமாத்தத்தான்" என்றேன். "அப்படின்னா ரொம்பப் பாடுபட்டு ஏமாத்தியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வீட்டிலேயே இப்படி.

பேச்சு கல்லூரி வரைக்கும் போய்விட்டது. பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, 'வெளியே விற்றுவிட்டாயா' என்று கேட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா தலைவரையும் அழைத்துக்கொண்டு வந்து கொட்டகையில் நின்றாள். கண்ணெல்லாம் குழிவிழுந்து போயிருந்தது.

"அண்ணா, மண்ணு வேண்டாம், ஒன்னும் வேண்டாம். நான் எடுத்துட்டுப் போகலைன்னு மட்டும் இவர் முன்னாடி சொல்லிடுங்க. எங்கப்பா வெளியில தலைகாட்ட மாட்டேங்கறாரு."

"நான் எப்படிச் சொல்றது? நீங்க எழுதி ஒட்டுனபடிதான் நான் செஞ்சேன். றெக்கையைத் தவிர வேற ஒன்னும் போடலை. எல்லா மாத்துலயும் பாப்பா கூடத்தான் நின்னுச்சு. பாப்பாவையே கேட்டுக்குங்க."

நான்தான் கூப்பிட்டேன் சார். என் பிள்ளை, எனக்காகச் சொல்லும் என்று நானேதான் கூப்பிட்டேன். அவளுக்கு நான் எதில் குறை வைத்தேன்? இருபது வீடு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக்கூட நடக்கவிட்டதில்லை, வண்டியில் கொண்டு போய் இறக்குகிறேன்.

தன்ஷிகா வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே மஞ்சள் தண்ணீர், அடியில் நடுத்தண்டுக் குச்சிகள், மேலே பாதி கரைந்த இறகு ஒன்று. வெளியே ஒரு காகிதம் ஒட்டி, பென்சிலால் தேதி எழுதியிருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒன்றாக.

ஆவணியில் ஜெசிந்தா கிளம்பின அன்று, 'அக்கா, எனக்கும் கொஞ்சம்' என்று இவள் கேட்டாளாம். அவளும் விளையாட்டுக்குத்தானே என்று ஒரு மூடி அளவு ஊற்றிக் கொடுத்தாளாம். கொடுத்தவளே மறந்துவிட்டாள். இவள் துணி வைக்கிற பெட்டிக்குப் பின்னால் வைத்து, நான்கு மாதமாக வளர்த்திருக்கிறாள். என் வீட்டில், எனக்குத் தெரியாமல்.

"அப்பா மொதல்ல வெல்லம் போட்டாரு. அப்புறம் குஞ்சுத் தீவனம். அப்புறம் டானிக். நான் இதுல எதுவும் போடலை" என்றாள்.

"அன்னைக்கு மேனேஜர் வந்தப்பவே சொல்றதுக்கென்ன கண்ணு?" என்று தலைவர் கேட்டார்.

"அப்பா இல்லைன்னு சொல்லிட்டாரு. அதனால நானும் பேசாம இருந்தேன்."

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சென்னியப்பா, பாக்டீரியாவுக்கு விருந்தே வச்சிருக்கயேப்பா."

ஜெசிந்தா அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியே கொட்டகைத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "சும்மா சோறு கெடைச்சா கத்தரிக்கோல் எதுக்குண்ணா? செய்யறதை விட்டுருச்சு. இனிப்புக்கு வேற கிருமியெல்லாம் வந்து எடத்தைப் புடிச்சுக்குச்சு. இதைத்தாண்ணா கோடு போட்டு எழுதுனேன்" என்றாள்.

இதை நீங்கள் நம்புகிறீர்களா? சோறு போட்டால் தொழில் மறந்து போகுமா? நானும்தான் மூன்று வேளை சாப்பிடுகிறேன். நான் தொழிலை மறந்தேனா? பேராசிரியரிடம் இதைத்தான் கேட்கப்போகிறேன். அவர் பெரியவர், படித்தவர், அவருக்கு நியாயம் தெரியும்.

சரி, அதோடு விட்டார்களா? இல்லை. ஜெசிந்தா சொன்னாள்: "பாதி அண்ணாகிட்ட இருக்கட்டும். பாதி நான் கொண்டுபோறேன். அண்ணாவுக்கும் தை பொறக்கறதுக்குள்ள பீப்பாய் ஓடியாகணும். பத்து நாள் இருக்கு, போதும்." பிறகு என் மகளைப் பார்த்து, "ஆனா பாட்டில் உன்னோடது. நீதான் ஊத்தணும்" என்றாள்.

தன் பையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்துத் திட்டின் மேல் வைத்தாள். நானும் உள்ளே போய் ஒரு பாட்டிலை வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். வந்ததும் பசிக்குமே என்று அடியில் ஒரு துண்டு வெல்லம் போட்டிருந்தேன். சின்னத் துண்டுதான், சுண்டுவிரல் நகம் அளவு.

"ரெண்டுலயும் சமமா ஊத்து கண்ணு. அப்பாவுக்கும் தொழில் நடக்கணுமில்ல" என்றார் தலைவர்.

"அப்பாவோடதுல மொதல்ல ஊத்து பாப்பா. அப்பா நல்லாப் பார்த்துக்குவேன்" என்றேன் நான்.

தன்ஷிகா என் பாட்டிலைக் கையில் எடுத்து, அடியைப் பார்த்துவிட்டு, கீழே வைத்தாள். துணியை அவிழ்த்தாள். முழுவதையும் ஜெசிந்தாவின் பாட்டிலில் ஊற்றினாள்.